சிஸ்டம் அட்மின் வேலை ஏன் டிக்கெட்டுக்குள் அடங்கியது?

முந்தி சேர்வரில் கை வைக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை, இப்ப ஏன் எல்லாத்துக்கும் டிக்கெட் (வேலைக்கான கோரிக்கைப் பதிவு) போட்டு அனுமதி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரிய காரணம் கணக்காய்வு. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் கணக்கு மோசடியால் 2001இல் சரிந்தபின் அமெரிக்காவில் 2002இல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது. நிதி அறிக்கைக்குத் தரவு தரும் கணினிகளில் யார் எதை மாற்றினார் என்று காட்டவேண்டி வந்தது. நிரல் எழுதியவரே அதை பாவனையில் உள்ள சேர்வரில் ஏற்றுவதும் பல இடங்களில் நின்றது. 1980களின் கடைசியில் பிரித்தானிய அரசு தொகுத்த ஐடிஐஎல் (ITIL) என்ற கணினிச் சேவை நிர்வாக நடைமுறைகள் ஏற்கெனவே கைவசம் இருந்தன. நிர்வாகங்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டன.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையை எடுங்கள். பாஸ்புக் பிரிண்டர் நிற்கிறது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் கிளையில் நிற்கும் பொடியனிடம் அட்மின் பாஸ்வேட் இராது. கொழும்புக்கு டிக்கெட் போட்டு, அங்கிருந்து ஒருவர் ரிமோட்டில் வரும்வரை கவுண்டரில் சனம் காத்து நிற்கும்.

பதிவு வைப்பது நியாயம்தான், நான் அதை எதிர்க்கமாட்டேன். பிழை நடந்தது வேறிடத்தில். மூடிய டிக்கெட்டை எண்ணி ஆளை அளக்கத் தொடங்கியதும், பழுதின் வேரைத் தோண்டுகிறவர் சோம்பேறியாகத் தெரிகிறார். அதே பிரிண்டர் அடுத்த கிழமையும் நிற்கும். மாத அறிக்கையில் அது "தீர்த்த பிரச்சினை இரண்டு" என்று வரும்.