பழைய கேசிங்கில் புதிய கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): அண்ணே, மாமா வீட்டுல 2003ல வாங்கின வெள்ளை கேசிங் ஒன்னு சும்மா கிடக்குது. இப்ப வர்ற மதர்போர்ட் அதுல உட்காருமா?

பதில்: கேசிங்கின் பின்பக்கத்தைப் பாருங்கள் தம்பி. 16 சென்டிமீட்டர் நீளம், நாலரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு செவ்வகத் துளையும், அதற்குக் கீழே கார்டுகளுக்கான வரிசையும் இருந்தால் அது ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறை. இன்டெல் 1995இல் கொண்டுவந்த இந்த அளவில் திருகாணித் துளைகளின் இடம் இன்றைக்கும் அதேதான். 244 மில்லிமீட்டர் சதுர மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்ட் தாராளமாக உட்காரும்.

செவ்வகத் துளை இல்லாமல் கீபோர்டுக்கு ஒரு வட்டத் துளை மட்டும் இருந்தால் அது இன்னும் பழைய ஏடி வகை. பின்தகட்டையே வெட்டவேண்டும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் பவர் பட்டனில் 230 வோல்ட் நேரடியாக ஓடும். அந்த வயரைப் புதிய போர்டில் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

போர்டை வைக்குமுன் அடித்தட்டிலுள்ள பித்தளைக் கால்களைப் பாருங்கள். போர்டில் துளை இருக்கும் இடத்தில் மட்டும்தான் கால் இருக்கவேண்டும். பழைய போர்டுக்குப் போட்ட கால் ஒன்று மிச்சமாக நின்றால், புதிய போர்டின் அடியிலுள்ள ஈயப்பற்றில் முட்டி ஷார்ட் ஆகும். “எல்லாம் புதுசு, ஆனா ஆன் ஆகல” என்று வரும் கேஸ்களில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

கேள்வி (தலவாக்கலை): கேசிங்கோட வந்த 400 வாட் பவர் சப்ளை இன்னும் ஓடுது. ரைசன் 5 5600ஜி பிராசசரும் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டும் போட யோசிக்கிறேன். அதையே பாவிக்கலாமா?

பதில்: வேண்டாம். கேசிங்கை வைத்துக்கொள்ளலாம், பவர் சப்ளையை வைத்துக்கொள்ளக்கூடாது. அதன் லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். 14 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 14 = 168 வாட்தான். அந்தக் காலத்து சப்ளைகள் 3.3, 5 வோல்ட்டில் அதிகம் கொடுக்கும்படி செய்யப்பட்டவை. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டைத்தான் தின்கின்றன. உங்கள் கணக்கு: பிராசசர் 88, கார்டு 132, மற்றவை ஒரு 45, மொத்தம் 265 வாட். 500 அல்லது 550 வாட், மின்சிக்கனத்துக்கான ‘80 பிளஸ் ப்ரோன்ஸ்’ (வெண்கலம்) சான்று உள்ளது போதும். பழைய கேசிங்கில் சப்ளை மேலே உட்காரும், மின்விசிறி கீழ்நோக்கி வரட்டும். பழையதைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம்.

கேள்வி (மஸ்கெலியா): லயத்து வீட்டுல கம்ப்யூட்டர் வச்சிருக்கோம். கேசிங்க தொட்டா கை லேசா சுரீர்ங்குது. பவர் சப்ளை பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது பவர் சப்ளையில் இல்லை, வீட்டில் எர்த் இல்லை. சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கப்பாசிட்டர்கள் உண்டு. அவை உள்ளே வரும் இரண்டு மின்கம்பிகளையும் கேசிங்கோடும் எர்த்தோடும் இணைக்கின்றன. எர்த் வயர் எங்கும் போகாவிட்டால் கேசிங் பாதி மின்னழுத்தத்தில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஓடும் கரண்ட் மிகச் சிறியதுதான். ஆனாலும் அந்த நிலையில் டிவியின் எச்டிஎம்ஐ வயரைச் செருகினால், அது செருகும் இடமே எரிந்துபோகலாம். சப்ளை உண்மையிலேயே பழுதானால் உடம்பில் பாய்வதைத் தடுக்கவும் எதுவும் இருக்காது.

மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். பிறகு வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் கம்பி இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். தண்ணீர்க் குழாயில் வயர் சுற்றுவது எர்த் ஆகாது. குழாயைத் தொடுகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஆபத்து.

கேள்வி (பண்டாரவளை): சேர், பிராசசர் மேல பூட்டுற பெரிய கூலர் வாங்கலாமா? மூடி பூட்டுமா?

பதில்: வாங்குமுன் அளவுகோலை எடுங்கள். போர்ட் பூட்டும் தட்டிலிருந்து பக்க மூடி வரை உள்ள தூரத்தை அளந்து, அதில் 16 மில்லிமீட்டர் கழியுங்கள். கால், போர்ட், பிராசசர் மூன்றின் உயரம் ஏறக்குறைய அவ்வளவு. 160 இருந்தால் மிச்சம் 144. விசிறி 120 மில்லிமீட்டர் உள்ள கோபுரக் கூலர்கள் பெரும்பாலும் 150க்கு மேல், அவை பூட்டாது. 92 மில்லிமீட்டர் விசிறிக் கூலர் எடுங்கள்.

பழைய கேசிங்கின் உண்மையான குறை முன்பக்கம்: காற்று உள்ளே வர வழியே இருக்காது. சிடி டிரைவ் மூடிகள் மூன்றைக் கழற்றி, அந்த இடத்தில் உலோக வலையும் அதன் பின்னால் 120 மில்லிமீட்டர் விசிறியும் வையுங்கள். கீழே தகட்டை வெட்டுவதானால் விசிறியின் திருகாணித் துளைகளுக்கு இடையே 105 மில்லிமீட்டர் வரவேண்டும். கார்டு நீளமாக இருந்து ஹார்ட் டிஸ்க் கூடு தடுத்தால், கூட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைகளில் 4 மில்லிமீட்டர் ட்ரில் வைத்தால் கழன்றுவிடும்.

எந்த வெட்டு வேலையும் உள்ளே ஒரு பாகம்கூட இல்லாதபோதுதான். இரும்புத்தூள் ஒரு துளி போர்டில் விழுந்தாலும் போதும், ஷார்ட்தான். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, ப்ரைமர் அடியுங்கள். நம் ஊர் மூடுபனி ஈரத்தில் துத்தநாகப் பூச்சு போன இடம் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

கேள்வி (கம்பளை): பவர் லைட் வயர் மூன்று ஓட்டை, போர்டில் இரண்டு முள்தான். என்ன செய்வது?

பதில்: அந்த பிளக்கில் நடு ஓட்டை காலி. ஓரத்து ஓட்டையின் சிறு பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாகத் தூக்கினால் வயர் முள்ளோடு வெளியே வரும். அதை நடுவில் செருகி நாக்கை அமுக்கிவிடுங்கள். பவர் பட்டன் பெரும்பாலான போர்டுகளில் 6, 8 ஆம் முள், லைட் 2, 4. பட்டனை எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். லைட்டில் மட்டும் நேர், எதிர் பார்க்கவேண்டும். எரியாவிட்டால் திருப்பிப் போடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): அண்ணா, இங்கே பூட்டி கொழும்பில் தங்கிப் படிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன். கவனிக்கவேண்டியது ஏதும் உண்டா?

பதில்: இரண்டு விஷயம் தங்கச்சி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆனால் அறைக் குளிர் அதை ஈடுகட்டுவதற்கு மேலேயே உதவுகிறது. ஆகவே வீட்டில் 65 பாகை காட்டுகிற பிராசசர், அதே வேலைக்குக் கொழும்பில் 75ஐத் தாண்டலாம். விசிறி வேகத்தை அங்கே போய்த் திரும்ப அமையுங்கள்.

இரண்டாவது, குளிர்ந்த பெட்டியைப் புழுக்கமான காற்றில் திறந்தால் உள்ளே நீர் பூக்கும். பொலித்தீனில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போங்கள். போய்ச் சேர்ந்ததும் கட்டை அவிழ்க்காமல் மூன்று மணி நேரம் விட்டு, பிறகு பிளக்கைச் செருகுங்கள். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள். ரம்பொடை வளைவுகளில் பஸ் குலுங்கினால் கார்டின் எடையே போர்டின் ஸ்லாட்டைப் பெயர்த்துவிடும்.