தென்னம்பிள்ளையும் உளுந்தும்

வணக்கம் சார்,

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். கஜா புயலில் அப்பாவின் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. நின்றது பத்தோ பன்னிரண்டோ. ஒரு மாதம் அப்பா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் விழுந்த மரங்களை அப்புறப்படுத்தி, உளுந்து விதைத்து, மறுபடியும் தென்னம்பிள்ளை வைத்தார். அப்போது அவருக்கு 58 வயது. "இது காய்க்கிறப்ப நீ இருப்பியாடா?" என்று பெரியப்பாவே கேட்டார்.

இப்போது என் முறை. சென்னையில் பார்த்த வேலை போய் நாலு மாதமாகிறது. கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. ஊருக்கே வந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் தினமும் "பாசிட்டிவா நினை" என்று வீடியோ அனுப்புகிறார்கள். எரிச்சல்தான் வருகிறது. அப்பா ஒன்றும் சொல்வதில்லை, விடிந்தால் தோப்புக்குப் போய்விடுகிறார். அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கு ஏன் இல்லை? இது கூடவே பிறப்பதா, பழகினால் வருமா?

ம.

அன்புள்ள ம.,

சுபாவம் என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் "உளுந்து விதைத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கண் அங்கேதான் நின்றது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் கரையில் ஏறியபோது உங்கள் பக்கத்து ஆட்கள் இழந்தது மரத்தை மட்டும் அல்ல. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், வீடு எல்லாமே தேங்காய்க் காசில் நடந்த ஊர்கள் அவை. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆக மரம் ஒன்றுக்கு 1,100. நெட்டை ரகம் வைத்தால் பாளை விட்டுக் காய் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். அதுவரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

அதற்குத்தான் உளுந்து. 25 அடிக்கு ஒன்றாகப் பிள்ளை வைத்த தோப்பில் முதல் சில வருடங்கள் வெயில் தாராளமாக விழும். உளுந்து, கடலை, எள், வாழை எதுவும் போடலாம். உளுந்து எழுபது நாளில் கைக்கு வந்துவிடும். உங்கள் அப்பா ஏழு வருடக் கணக்கு ஒன்றும் எழுபது நாள் கணக்கு ஒன்றுமாக, இரண்டையும் ஒரே வயலில் போட்டிருக்கிறார். பெரியப்பாவின் கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

விதைப்பதற்கு முன்னால் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். மட்கிப்போகும் தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். தடிகளை அப்படியே கிடக்கவிட்டுப் பிள்ளை வைத்தால், அதில் வளர்ந்த வண்டு இளங்குருத்தைக் குடையும். அப்புறம் விரிகிற மட்டையெல்லாம் கத்தரி போட்டு நறுக்கியது மாதிரி வரும். அதனால் தன் கையால் தண்ணீர் விட்டு வளர்த்த மரங்களைத் துண்டு போட்டு அப்புறப்படுத்தினால்தான் அடுத்ததை வைக்க முடியும். அந்த வேலையைச் செய்த நாட்களில் அவர் மனசில் நம்பிக்கை பொங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் அவரிடம் இப்போது பார்ப்பது பிறகு வந்தது, வேலையோடு வந்தது. அந்த ஒரு மாத மௌனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாலு மாதத்துக்கு இவ்வளவு பதறவேண்டாம்.

இன்னொன்று. அவருக்கு நிலம் இருந்தது, தண்ணீர் இருந்தது. காய் பறிக்கிறவருக்கும் மட்டை உரிக்கிறவருக்கும் புயலோடு வேலையும் போனது. எத்தனை பாசிட்டிவாக நினைத்தாலும் அவர்கள் எதில் உளுந்து விதைப்பது? உங்களுக்கு வரும் வீடியோக்களில் இதை யாரும் பேசமாட்டார்கள். உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

நம்பிக்கைக்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும், துருவப் பயணி ஷாக்கில்டனின் கதையிலும் இதேபோல விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. 1916இல் அண்டார்டிகாவை ஒட்டிய எலிஃபண்ட் தீவில் 22 பேரை விட்டுவிட்டு, ஒரு சின்னப் படகில் உதவி தேடிப் போனார் ஷாக்கில்டன். தங்கியவர்களுக்குத் தலைவர் ஃபிராங்க் வைல்ட். தினமும் காலையில், "படுக்கையைச் சுருட்டுங்கள், பாஸ் இன்றைக்கு வரலாம்" என்பாராம். நாலு மாதம் அவர்களைப் பித்துப் பிடிக்காமல் காப்பாற்றியதில் அந்தச் சொல்லுக்குப் பங்கு உண்டு. அதே வைல்ட், இறைச்சியை நிறையச் சேர்த்துவைக்கத் தயங்கினார். சேர்த்துவைத்தால் ரொம்ப நாள் இங்கேயே கிடக்கப்போகிறோம் என்று ஆட்கள் மனம் உடைந்துவிடுவார்களாம். ஆர்ட்-லீஸ் என்பவர் மட்டும் சேர்த்துவைக்கச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவரை யாருக்கும் பிடிக்காது. ஆகஸ்ட் 30 அன்று கப்பல் வந்தபோது இறைச்சி கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. 22 பேரும் பிழைத்ததால் கதை வைல்ட் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கென்னவோ ஒரு கூட்டத்துக்கு இரண்டு பேருமே வேண்டும் என்று படுகிறது. உங்கள் அப்பா அந்த இருவராகவும் தானே இருந்திருக்கிறார்.

சரி, உங்கள் விஷயம். ஏழு வருடக் கணக்கை, அதாவது படித்த படிப்புக்கேற்ற வேலையை, விடாதீர்கள். வாரத்தில் சில நாட்களை அதற்கென்று ஒதுக்கி விண்ணப்பம் போடுங்கள். எழுபது நாளில் கைக்கு வருவது எது என்று தனியாகப் பாருங்கள். டியூஷனோ, பக்கத்துக் கடைக்குக் கணக்கு எழுதுவதோ, சின்னதாக இருக்கட்டும். கடன் கொடுத்தவர்களிடம் தவணை தவறுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், காலத்தை நீட்டித் தரமுடியுமா என்று. தருவார்கள் என்று நான் உறுதி சொல்லமுடியாது. ஆனால் தவறிய பிறகு கேட்டால் பேச்சே வேறாக இருக்கும். நம்பிக்கை வந்துவிட்டதா என்று தினமும் மனசைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள்.

வீடியோ அனுப்பும் சொந்தக்காரர்களில் யாருக்காவது உங்கள் துறையில் ஆள் தெரியுமா என்று பதில் போட்டுப் பாருங்கள். வேலை கிடைக்கலாம், இல்லாவிட்டால் வீடியோ நிற்கும்.

அப்பா வைத்தது நெட்டையா, குட்டையா? குட்டை என்றால் மூன்று நாலு வருடத்திலேயே காய்த்திருக்குமே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.