சிங்கப்பூர்லேர்ந்து 6 பேரா சவுத் ஆப்பிரிக்கா போறோம். சஃபாரி, கடல், வைன் ஊர் மூணையும் 12 நாள்ல பாத்துட முடியுமா?

முடியும். நாங்களும் 6 பேர்தான் போனோம், நான், என் வைஃப், அக்கா, அத்தான், மச்சான், மச்சான் வைஃப். ஆனா நீங்க கேள்வில போட்டிருக்கற லிஸ்ட் (சஃபாரிக்கு க்ரூகர் காடு, டர்பன், கடலோர கார்டன் ரூட் முழுசா, கேப் டவுன், வைன் ஊர் ஸ்டெல்லன்போஷ்) படி போனா பாதி நாள் கார்லயும் ஏர்போர்ட்லயுமே போயிடும். டர்பனை வெட்டிடுங்க. எனக்கும் மனசில்ல, 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்லேர்ந்து நம்ம ஆளுங்க கரும்புத் தோட்ட வேலைக்குன்னு போய் இறங்குன ஊரு அது, ஆனா போற வழில எட்டிப் பாத்துட்டு வர்ற ஊர் இல்ல, அதுக்குன்னு தனியா ஒரு தடவை போகணும்.

டிக்கெட் பாக்கறதுக்கு முன்னாடி மாசத்தை முடிவு பண்ணுங்க, எல்லாரும் சறுக்கறது இங்கதான். க்ரூகர் பக்கம் மழை டிசம்பரை ஒட்டி வரும், கேப் டவுன் பக்கம் அப்படியே தலைகீழ், ஜூன் ஜூலைலதான் மழையும் குளிர்காத்தும். அதனால ஜூன் ஸ்கூல் லீவுல போனா மிருகம் நல்லா கிடைக்கும் ஆனா வைன் ஊர்ல குடையோட நிக்கணும், டிசம்பர்ல போனா கேப் டவுன் ஜோரா இருக்கும் ஆனா க்ரூகர்ல புல்லு ஆளுயரம் வளந்து சிங்கம் பக்கத்துல படுத்திருந்தாக்கூட தெரியாது, மலேரியா பயமும் அப்ப கூடுதல். ரெண்டுக்கும் நடுவுல ஒத்து வர்றது செப்டம்பர். அப்ப க்ரூகர் இன்னும் காஞ்சு கெடக்கும், மிருகமெல்லாம் தண்ணியத் தேடி தானா வரும், கடல் பக்கம் திமிங்கல சீசன். ஒண்ணே ஒண்ணு, திராட்சைக் கொடி அப்பதான் துளிர் விட ஆரம்பிக்கும், பச்சைப்பசேல்னு போட்டோ எடுக்கற ஆசையிருந்தா அதை விட்டுடுங்க. எங்க அக்கா புரட்டாசி விரதம் விடமாட்டாங்க, அதனால மாசம் பொறக்கறதுக்குள்ள திரும்பி வர்ற மாதிரி செப்டம்பர் முதல் ரெண்டு வாரமா போட்டோம். படிக்கற பிள்ளைங்க இருந்தா செப்டம்பர் லீவு ஒரு வாரம்தான், பத்தாது, அப்ப ஜூன்லயே போய் க்ரூகர்ல ரெண்டு நாள் கூட்டிக்கங்க.

பிளைட் பெரிய விஷயமில்ல. நம்ம சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஜோகன்னஸ்பர்க் போய் அங்கேர்ந்து கேப் டவுனுக்கும் போகுது, அதனால ஜோகன்னஸ்பர்க்ல இறங்கி கேப் டவுன்ல ஏறி வர்ற மாதிரி டிக்கெட் போடுங்க. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம். உங்க க்ரூப்ல யாராச்சும் பிஆரா (நிரந்தரவாசியா) இருந்து இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருந்தா அவங்களுக்கு வேணும், அதை முதல் வேலையா பாருங்க.

கார் ஓட்டறது நமக்கு ஈஸி, அங்கயும் லெஃப்ட் சைடுதான். ஆனா 7 சீட்டர் போதும்னு நினைக்காதீங்க, கடைசி சீட்டைத் தூக்கி விட்டா பூட்ல ரெண்டு கேபின் பேக்தான் நிக்கும், வேன் எடுங்க. அப்புறம் டெபாசிட்டுக்கு கொடுக்கற க்ரெடிட் கார்டு ஓட்டறவர் பேர்லயே இருக்கணும். இது தெரியாம அத்தான் பேர்ல காரை புக் பண்ணி என் கார்டை நீட்டி, கவுண்டர்ல ஒரு மணி நேரம் நின்னோம், அத்தான் மூஞ்சி அன்னிக்கு ராத்திரி வரைக்கும் சரியாகல. ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து க்ரூகர் 5, 6 மணி நேரம், இருட்டறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடணும், ராத்திரி ரோட்ல ஓட்டவே கூடாது.

க்ரூகர் கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், நம்ம சிங்கப்பூரை 25 தடவைக்கு மேல உள்ள வைக்கலாம். அதனால முழுசா பாக்கணும்னு ஓடாதீங்க. தெக்குப் பக்கம் ஸ்குகூசா கேம்ப்ல ரெண்டு ராத்திரி, லோயர் சாபி கேம்ப்ல ரெண்டு ராத்திரி, போதும். பார்க் நடத்தற கேம்ப்ல ரூம் 11 மாசம் முன்னாடியே தொறப்பாங்க, நல்ல ரூம் எல்லாம் சீக்கிரம் போயிடும். தார் ரோட்ல 50 ஸ்பீட் தான், காரை விட்டு இறங்கக் கூடாது, சாயங்காலம் கேட் மூடறதுக்குள்ள கேம்புக்குள்ள வந்துடணும். ஒரு நாள் ராத்திரியும் ஒரு நாள் விடியக்காலையும் பார்க் வண்டில போங்க, கேட் மூடி இருக்கற நேரத்துல அவங்கதான் போக முடியும். தொறந்த வண்டி, அந்தக் குளிர் நமக்கு பழக்கமில்லாத குளிர், எங்க மச்சான் என்எஸ்ல (கட்டாய ராணுவ சேவைல) பாக்காததானு ஹூடி மட்டும் போட்டுட்டு வந்து கடைசில என் வைஃபோட சால்வைய சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. பக்கத்துல இருக்கற சாபி சாண்ட் தனியார் காடு அருமைதான், ரோட்டை விட்டு இறங்கி சிறுத்தை பின்னாடியே போவாங்க, ஆனா விலையக் கேட்டா தலை சுத்தும், 6 பேருக்கு நாங்க விட்டுட்டோம், வருத்தமில்ல.

ஏன்னா மூணாவது நாள் காலைல, கேட் தொறந்து பத்து நிமிஷம் கூட ஆகல, ஆத்தோரமா போற ரோட்ல மூணு சிங்கம் தார் மேலயே படுத்திருந்துச்சு. அத்தான் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டாரு. கொஞ்ச நேரத்துல ஒரு பெண் சிங்கம் எந்திரிச்சு, சோம்பல் முறிச்சு, நேரா எங்க வண்டிய உரசற மாதிரி நடந்து போச்சு, காதுல கிழிஞ்ச இடத்துல ஈ உக்காந்திருந்தது கூட தெரிஞ்சுச்சு. என் பக்கத்து கண்ணாடி பாதி இறங்கி இருந்திருக்கு, ஒருத்தருக்கும் ஏத்தணும்னு தோணல, என் கைல சூடா காப்பி, அதைக் கீழ வைக்கவும் தோணல.

குரங்கு விஷயத்துல ஜாக்கிரதை. ரூம் வாசல்லதான் கிச்சன் இருக்கும், அங்க இருக்கற ஃப்ரிட்ஜை குரங்கு தொறக்காம இருக்க ஏற்பாடு பண்ணி வச்சிருப்பாங்க, அதைப் பாத்தும் நாங்க சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல வாங்கிட்டுப் போன முறுக்கை மேசைலயே வச்சுட்டு உள்ள போனோம். சொல்லணுமா.

மலேரியா மாத்திரைக்கு கிளம்பறதுக்கு 4லேர்ந்து 6 வாரம் முன்னாடி டாக்டரைப் பாருங்க.

அடுத்து கடல். க்ரூகர் கிட்ட இருக்கற நெல்ஸ்ப்ரூட் பக்கத்து ஏர்போர்ட்லேர்ந்து கேப் டவுனுக்கு நேரா பிளைட் இருக்கு. கார்டன் ரூட்னு சொல்ற மாசல் பே டு ஸ்டார்ம்ஸ் ரிவர் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர்தான், ஆனா கேப் டவுன்லேர்ந்து மாசல் பே போய்ச் சேரவே கிட்டத்தட்ட 400 ஆகுது. 12 நாள்ல வேணாம். அதுக்குப் பதிலா கடலோர ஊர் ஹெர்மானஸ் போங்க, கேப் டவுன்லேர்ந்து 120 கிலோமீட்டர், அங்க ரெண்டு ராத்திரி தங்குங்க. போட்ல காசு கட்டிப் போகாம பாறை மேல நடந்துக்கிட்டே திமிங்கலம் பாக்கலாம், திமிங்கலம் வந்தா கடற்பாசிக் கொம்பு ஊதிச் சொல்றதுக்குன்னே ஊர்ல ஆள் உண்டு. குளிக்கலாம்னு கால வச்சீங்கன்னா எலும்பு வரைக்கும் ஜில்லுனு ஏறும். கேப் டவுன் வந்ததும் போல்டர்ஸ் பீச் பென்குயினை மட்டும் தவறவிடாதீங்க.

வைன் ஊருக்கு ரெண்டு நாள், ஃப்ரான்ஷூக்ல தங்குங்க. 1688ல பிரான்ஸ்லேர்ந்து தப்பிச்சு வந்த ஹியூகனோட்டுங்க (பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவங்க) குடியேறின இடம் அது, ஸ்டெல்லன்போஷ் அதைவிடப் பழசு, 1679. அங்க ராத்திரி தங்கறதைவிட ஒரு பகல் போய்ட்டு வரலாம். யார் ஓட்டறதுன்னு சண்டை வரும், அதுக்குதான் ஃப்ரான்ஷூக்ல வைன் டிராம், ஏறி இறங்கி தோட்டம் தோட்டமா போகலாம். நம்ம ஊர்ல ரத்தத்துல 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் வரைக்கும் விடறாங்க, அங்க 50தான், ரெண்டு க்ளாஸ்தானேன்னு ஸ்டீயரிங் பிடிக்காதீங்க. அவங்க நாட்டுலயே 1925ல ரெண்டு திராட்சை வகையைக் கலந்து உருவாக்கின பினோட்டாஜ் திராட்சையோட வைனைக் குடிச்சுப் பாருங்க, எனக்குப் பிடிச்சுது, மச்சான் டயர் கடை வாசம் அடிக்குதுன்னாரு. அக்காவுக்கு திராட்சை ஜூஸ்.

பாட்டில் வாங்கறதுக்கும் கணக்கு இருக்கு. வேற சாராயம், பீர் வாங்கலைன்னா சாங்கி ஏர்போர்ட்ல ஆளுக்கு 2 லிட்டர் வைன் வரி இல்லாம விடுவாங்க, அதாவது 750 மில்லி பாட்டில் ரெண்டு. மச்சான் ஆறு பாட்டில் கட்டிட்டு வந்து, அக்கா பையில ரெண்டு வைக்கவான்னு கேட்டாரு, அக்கா பாத்த பார்வைல நேரா ரெட் சேனல்ல போய் வரி கட்டிட்டு வந்துட்டாரு.