பார்சல் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் ஏற்காடு போவதற்குள் நமத்துப் போகிறதா?

டப்பா மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். சேலத்துக் கடையில் வாங்கிய ஃபிஷ் அண்ட் சிப்ஸ் (மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும்) ஏற்காட்டில் நமத்துப்போவதற்குப் பெரும்பாலும் ஆவிதான் காரணம். சூடான மீனிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேல்மாவிலேயே படிகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் மொறுமொறுப்பு போய்விடும், பாவம்.

அடுத்த முறை ஒரு துண்டைக் கடையிலேயே சுடச்சுடச் சாப்பிட்டுப் பாருங்கள். அப்போதே சொதசொதவென்று இருந்தால் எண்ணெய் சரியாகக் காயவில்லை. 180 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும்.

மேலே ஊற்றும் வினிகரைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டில் மைக்ரோவேவ் வேண்டாம். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறுதீயில் புரட்டினால் போதும்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த மீனை மட்டும் சூடாக்கியும் சாப்பிடாதீர்கள்.