கல்ச்சர் முடிவு வரும் முன்பே குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஏன்?

பாலக்கோட்டில் பிறந்த உங்கள் அக்காள் குழந்தைக்கு இரண்டாம் நாளே நிமோனியா, தருமபுரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தவுடன் ஊசி போட்டுவிட்டார்கள், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுத்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறுத்திருக்கக் கூடாது. கல்ச்சர் என்பது ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை; அதில் கிருமி வளர்ந்து தெரிய 36 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். பச்சிளங்குழந்தையின் நுரையீரல் தொற்று சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பரவிவிடக்கூடும். அதனால் ரத்தம் எடுத்த கையோடு ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் தொடங்குவது பரவலான வழக்கம். முதல் 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்று பெரும்பாலும் தாயிடமிருந்து வருவது; அதற்கு இந்த இரண்டும் பொருந்தும். வார்டிலேயே பிறகு தொற்றிக்கொள்ளும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் வேறு ரகம். பழைய மருந்துகளுக்குப் பல நேரம் மசியாது. முடிவு வந்ததும் மருந்தை மாற்றினால் முதல் மருந்து தவறு என்று பொருளல்ல. நிமோனியா உறுதியானால் சாதாரணமாக 7 முதல் 10 நாள் ஊசி.

மருந்து பாதிதான். நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, விலாவுக்குக் கீழே குழி விழுதல், முனகல் இருந்தால் மூக்கு வழியே சீபாப் அழுத்தக் காற்று. அதிலும் தேறாவிட்டால் வென்டிலேட்டர். குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 90–95 சதவீதத்தில் நிறுத்துவார்கள். 100 ஆக்கச் சொல்லி நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். மிகுந்தால் விழித்திரை கெடக்கூடும். காய்ச்சல் இல்லையே என்றும் ஆறுதல் கொள்ளாதீர்கள், இந்த வயதில் உடம்பு சில்லிடுவதும் தொற்றின் அடையாளம்தான்.

அக்காள் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கட்டும், குழாய் வழியே புகட்டுவார்கள். வீடு திரும்பியதும் கழுதைப்பாலைச் சங்கில் ஊற்ற எந்தப் பாட்டி வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.