ராணிக்கெட் 'பாசிட்டிவ்' என்றால் எந்த ராணிக்கெட்? பண்ணையாளர் கேள்விகளுக்குப் பதில்

நாமக்கல் பக்கம் கோழி நோய் ஆய்வகத்தில் இருக்கிறேன். ராணிக்கெட் என்பது கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோய். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

நாமக்கல், லேயர் (முட்டைக்கோழி) பண்ணை: பத்து வாரக் குஞ்சுகளுக்கு ராணிக்கெட் தடுப்பூசி ஆர்2பி போட்டுப் பத்து நாள் ஆச்சுங்க டாக்டர். தினம் ஏழெட்டு சாகுது. பிசிஆர் மரபணுச் சோதனையில் வீரியமான ராணிக்கெட் என்கிறார்கள். தடுப்பூசி வேலை செய்யலையா?

அவசரப்படாதீங்க. இந்த வைரஸின் மேல் எஃப் என்றொரு புரதம் உண்டு. கோழி உடம்பின் நொதி அதை ஓரிடத்தில் வெட்டினால்தான் வைரஸ் தொற்றும். லசோட்டா என்ற சாதுவான தடுப்பூசி வைரஸின் வெட்டுமிடத்தை மூச்சுக்குழல், குடல் பக்கத்து நொதிகள்தான் வெட்டும். அதனால் அது அங்கேயே நின்றுவிடும். வீரிய வகையில் அந்த இடத்தில் ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் (புரதத்தின் கண்ணிகள்) நெருக்கியடித்து நிற்கும். எஃப் புரதத்தின் 117-ஆவது கண்ணியில் லூசினுக்குப் பதில் ஃபினைல்அலனின். அதை வெட்டும் நொதி உடம்பு முழுக்க இருக்கிறது, வைரஸ் மூளை வரை போய்விடும்.

வம்பு இங்கேதான். ஆர்2பி நடுத்தர வீரியம் கொண்ட முக்தேஸ்வர் வகை. அதன் வெட்டுமிடமும் வீரிய வகை மாதிரியே இருக்கும். அந்தச் சின்னத் துண்டை மட்டும் பார்த்திருந்தால், அவர்கள் கண்டுபிடித்தது நீங்கள் போட்ட தடுப்பூசியாகவே இருக்கலாம். எஃப் மரபணுவை முழுசாக வரிசைப்படுத்தச் சொல்லுங்க. முக்தேஸ்வர் 3-ஆம் மரபுவகை (மரபணு ஒற்றுமையை வைத்துப் பிரித்த குழு); 7 அல்லது 13 என்று வந்தால் அது வெளியிலிருந்து வந்த நோய்தான். ஏற்கெனவே சளி, ஈகோலை பாக்டீரியாத் தொற்று இருந்த குஞ்சுகள் ஆர்2பி போட்டதும் வாடிச் சாவதும் உண்டு, அதையும் பாருங்க. மாதிரியோடு தடுப்பூசித் தேதியை எழுதி அனுப்புங்க. அந்தக் கட்டம் காலியாக வரும் படிவங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

பல்லடம், கறிக்கோழிப் பண்ணை: 26 நாள் கோழிங்க, கம்போரோ சந்தேகம். எதை அனுப்பட்டும்?

இன்று வாடி நிற்பதை அனுப்புங்க, நேற்றுச் செத்து உப்பியதை அல்ல. கம்போரோ வைரஸ் தாக்குவது பர்சாவை, அதாவது ஆசனவாய்க்கு அருகே உள்ள நோய் எதிர்ப்பு உறுப்பை. தொற்றிய மூன்று நான்கு நாளில் பர்சா வீங்கும், எட்டாம் நாளுக்குள் சுருங்கிவிடும். பர்சாவில் ஒரு பாதியை ஐஸில், மறுபாதியை ஃபார்மலினில் வையுங்க. ஃபார்மலினில் ஊறியதைப் பிசிஆருக்குத் தராதீங்க. மரபணு ஆய்வில் விபி2 (வைரஸின் மேலுறைப் புரதம்) பகுதியைப் படித்துத்தான் அது தடுப்பூசியா, கொடிய வகையா என்று பிரிப்போம். ஐஸ் கிடைக்காவிட்டால் எஃப்டிஏ அட்டையில் (மரபணுவைக் காக்கும் வேதிப்பொருள் ஏற்றிய காகிதம்) பர்சாவை ஒற்றி, உலர்த்தி அனுப்பலாம். அதிலிருந்து வைரஸை முட்டையில் வளர்க்க முடியாது, அவ்வளவுதான்.

ராசிபுரம்: கொண்டை நீலமாகி, ஒரே நாளில் கொத்தாகச் செத்தால்?

கோழியை அறுக்காதீங்க, வெளியே கொண்டு போகாதீங்க. அரசு கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லுங்க. பறவைக் காய்ச்சலை உறுதி செய்வது போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு ஆய்வகம். மாதிரியைத் துறையே அனுப்பும்.

ஈரோடு: ரத்தத்தில் எச்ஐ டைட்டர் (ராணிக்கெட்டுக்கான எதிர்ப்புப்பொருள் அளவு) பார்த்தால் போதாதா?

தடுப்பூசி போட்ட கோழியில் ஒரே ஒரு டைட்டரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்று ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று எடுத்து, எகிறியிருக்கிறதா என்று பாருங்க.

கால்நடை மருத்துவ மாணவி: சார், எங்கள் வைரஸ் மரபுவழி மரத்தில் (வைரஸ்களின் உறவைக் காட்டும் படம்) சீன வைரஸ்களோடு சேர்ந்து நிற்கிறது. அங்கிருந்து வந்ததா?

அப்படி எழுதிவிடாதேம்மா. இரண்டுக்கும் ஒரு பொது மூதாதை உண்டு என்பதைத்தான் மரம் காட்டுகிறது. தரவுத்தளத்தில் சீனாக்காரர்கள் தங்கள் வைரஸ்களின் மரபணு வரிசைகளை நிறையப் போட்டிருக்கிறார்கள், பக்கத்துப் பண்ணைக்காரர் போடவில்லை.