உறை பிரிக்காத ஹைட்ரோ தண்டர் வாங்க மகளின் 529-ஐ நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. டல்லாஸ் அருகே ஐடி வேலையில் இருக்கிறேன். மகளுக்கு 9 வயது. அவள் கல்லூரிப் படிப்புக்காக 529 என்ற வரிச்சலுகையுள்ள கல்விச் சேமிப்புக் கணக்கில் மாதம் 400 டாலர் போட்டு வருகிறேன். எம்.எஸ். படிக்க வந்த நாட்களில் ஒரு பௌலிங் கூடத்தில் ‘ஹைட்ரோ தண்டர்’ படகுப் பந்தய கேமை விளையாடியே பொழுதைக் கழித்தவன் நான். இப்போது ஒருவர் நின்டெண்டோ 64 என்ற பழைய கேம் கருவிக்கான ஹைட்ரோ தண்டர், வேவ் ரேஸ் 64 இரண்டையும் உறை பிரிக்காமல், நிலையைச் சோதித்து மதிப்பெண் போடும் நிறுவனம் தரமதிப்பீடு செய்து மூடிய அக்ரிலிக் பெட்டியோடு 2,400 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். ‘சூப்பர் மாரியோ 64 மில்லியன் டாலருக்கு மேல் போயிருக்கிறது, இதுவும் அதே நின்டெண்டோ 64 தானே’ என்கிறார். ஆறு மாதம் 529-ஐ நிறுத்தி இதை வாங்கிவைத்து, மகள் கல்லூரிக்குப் போகும்போது விற்கலாமா? என்னிடம் அந்தக் காலத்தில் வாங்கி விளையாடிய வேவ் ரேஸ் 64 பெட்டியோடு இருக்கிறது. அதை விற்றுவிடலாமா?

பதில்: 529-ஐ நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேம் வாங்கலாமா என்பது தனிக் கேள்வி, அதற்கு என் பதில் ‘வாங்கலாம், ஆனால் இதை அல்ல’.

விற்பவர் சொன்ன மாரியோ கதை உண்மைதான். 2021 ஜூலையில் உங்கள் டல்லாஸில் இருக்கும் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில்தான் அது நடந்தது. சூப்பர் மாரியோ 64-இன் ஒரு பிரதி 15.6 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் அந்தப் பிரதியின் மதிப்பெண் பத்துக்கு 9.8, உறையின் தரம் ஏ++. ஏறக்குறைய கடையிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்த நிலை. அதோடு அது மாரியோ. கேமே விளையாடாதவருக்கும் அந்த மீசைக்காரரைத் தெரியும். அந்த ஆண்டுதான் இந்தச் சந்தையின் உச்சம். கோவிட்டால் வீட்டில் முடங்கியிருந்த காலம், கையில் அரசு தந்த உதவித்தொகைப் பணம், புதிதாக வந்த பெரும்பணக்கார வாங்குவோர் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. அதன் பிறகு உறை பிரிக்காத கேம்களின் விலை பொதுவாக நன்றாகவே இறங்கியது. ஒரு ஏலத்தின் உச்ச விலையைக் காட்டி இன்னொரு கேமுக்கு விலை சொல்வது, பக்கத்துத் தெருவில் ஒரு வீடு போன விலையை வைத்து மொட்டை மனைக்கு விலை சொல்வது மாதிரி.

சரி, ஹைட்ரோ தண்டருக்கு வருவோம். மிட்வே நிறுவனம் 1999-இல் ஆர்கேடில், அதாவது காசு போட்டு விளையாடும் கூடங்களில், இறக்கிய கேம் இது. அதே ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் ட்ரீம்காஸ்ட் என்ற கேம் கருவி வெளியானபோது கூடவே வந்தது. பிளேஸ்டேஷனுக்கும் நின்டெண்டோ 64-க்கும் 2000-இல் வந்தது. நீங்கள் பௌலிங் கூடத்தில் அனுபவித்தது எது? இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்டியரிங், மறுகையில் த்ராட்டில் நெம்புகோல். நெம்புகோலை முன்னால் தள்ளினால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாயும். வழியில் மிதக்கும், வேகம் கூட்டும் பூஸ்ட்களைப் பொறுக்கிக்கொண்டு, சட்டென்று வேகத்தைக் குறைத்து பூஸ்டை அழுத்தினால் படகு எகிறிக் குதிக்கும். அப்படிக் குதித்தால்தான் சில ரகசிய வழிகள் கிடைக்கும். பூஸ்ட் ஓடும்போது எதிர்ப்படகை இடித்தால் அது தூக்கியெறியப்படும். நைல் நதி, வெள்ளத்தில் மூழ்கிய நியூயார்க், கப்பல் கல்லறை என்று ஒவ்வொரு தடமும் ஒரு கார்னிவல் ரைடு. தண்ணீரின் இயற்பியல் எல்லாம் இதற்குக் கவலையில்லை. வேகமும் சத்தமும் போதும்.

வேவ் ரேஸ் 64 நேர் எதிர். 1996-இல் நின்டெண்டோவே செய்த இந்தக் கேமில் அலைதான் ஆட்டக்காரர். படகும் இல்லை, கவாசாகி ஜெட் ஸ்கீ. சிவப்பு மிதவையை வலப்பக்கமாகவும் மஞ்சளை இடப்பக்கமாகவும் கடக்க வேண்டும். சரியாகக் கடந்தால் வேகம் ஏறும், தவறவிட்டால் ஏறிய வேகமெல்லாம் போச்சு, ஐந்து முறை தவறினால் பந்தயத்திலிருந்தே வெளியே. அலை எந்தப் பக்கம் தூக்குகிறது என்று பார்த்து உடம்பைச் சாய்க்க வேண்டும். இன்றைக்கும் அந்தத் தண்ணீர் அலுக்கவில்லை என்பது என் கட்சி.

இரண்டும் நல்ல கேம்கள். ஆனால் சேகரிப்பாளர் சந்தையில் ‘நல்ல கேம்’ என்பதற்குத் தனியாகக் காசு கிடையாது. எத்தனை பேர் வாங்க வருவார்கள், அதுதான் விலை. வேவ் ரேஸுக்குப் பின்னால் நின்டெண்டோ இருக்கிறது. இன்றும் ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் தன் பழைய கேமாக அதை ஓட்டுகிறது. ஹைட்ரோ தண்டரைச் செய்த மிட்வே 2009-இல் திவாலாகி, சொத்தின் பெரும்பகுதி வார்னருக்குப் போனது. 2010-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ‘ஹைட்ரோ தண்டர் ஹரிக்கேன்’ வந்தது. அதற்கப்புறம் அந்தப் பெயரில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இதை ஆசையாக வாங்கப்போவது உங்களைப் போல அந்த நெம்புகோலைப் பிடித்தவர்கள்தான். ஒன்பது வருடம் கழித்து உங்களுக்கு 52 வயது, அவர்களுக்கும் அதே வயது. புதிதாக ஆள் சேர வழி குறைவு.

இப்போது கணக்கு. 2,400 டாலர் போட்டு வாங்குகிறீர்கள். ஈபேயில் விற்றால் கட்டணமாகச் சுமார் 13 சதவீதம் போகும். பத்திரமாகப் பொதிந்து, காப்பீட்டோடு அனுப்ப இரண்டுக்கும் சேர்த்து 40 டாலர் என்று வையுங்கள். போட்ட காசு திரும்பி வரவே ஏறக்குறைய 2,800 டாலருக்கு விற்க வேண்டும். அதே பணம் 529-இல் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் ஒன்பது ஆண்டில் சுமார் 4,400 ஆகும். 7 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், ஒப்பிடுவதற்காகச் சொல்கிறேன். அந்த 4,400-ஐக் கேமிலிருந்து எடுக்க வேண்டுமானால் கட்டணம் போக 5,100 வாக்கில் விற்க வேண்டும். இன்னும் வரி இருக்கிறது. படிப்புக்கு எடுத்தால் 529-இன் வளர்ச்சிக்கு ஃபெடரல் வரி இல்லை. சேகரிப்புப் பொருளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் லாபத்துக்கோ 28 சதவீதம் வரை போகலாம். சட்டத்தின் பட்டியலில் ஓவியம், நாணயம், தபால்தலை என்று இருக்கிறதே தவிர வீடியோ கேம் என்று பெயர் சொல்லவில்லை, அதனால் உங்கள் வரிக் கணக்காளரிடம் (சிபிஏ) கேட்டுக்கொள்ளுங்கள். நான் கணக்குப் போடும்போது மோசமானதையே வைப்பேன். அப்படி வைத்தால் தேவையான விற்பனை விலை 6,000 டாலரைத் தொடுகிறது. இரண்டரை மடங்கு! ஒருவேளை நஷ்டத்துக்கு விற்றால், சொந்த உபயோகப் பொருள் என்று கருதப்பட்டால் அந்த நஷ்டத்தை வரியில் கழிக்கவும் முடியாது.

விற்பவர் கேட்கும் 2,400 நியாயமான விலைதானா என்பதும் பார்க்க வேண்டும். ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடுங்கள். கேட்கும் விலையைப் பார்க்கவே வேண்டாம், அது ஆசை. முடிந்தவற்றிலும் விலையின் மேல் கோடு அடித்திருந்தால், பேரம் பேசி அதைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மதிப்பெண்ணும் ஒத்துப்போக வேண்டும், 9.4 போன விலையை 8.0-க்குப் போடக் கூடாது. வேவ் ரேஸ் பெட்டியில் ‘பிளேயர்ஸ் சாய்ஸ்’ என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் அது பின்னாளில் வந்த மறுபதிப்பு, மதிப்பு குறைவு. மதிப்பிட்ட நிறுவனத்தின் தளத்தில் பெட்டியின் சான்றிதழ் எண்ணைப் போட்டு, கையிலிருக்கும் பெட்டியோடு படம் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பிளாஸ்டிக் உறை சுற்றும் இயந்திரம் மலிவாகக் கிடைக்கும் நாட்டில், மதிப்பீடு இல்லாத ‘சீல்டு’ கேமை நான் திறந்த கேம் என்றுதான் எண்ணுவேன்.

என் யோசனை இதுதான். பொழுதுபோக்குக்கு என்று மாதம் ஒதுக்கும் பணத்திலிருந்து ஹைட்ரோ தண்டரின் உறை பிரித்த கார்ட்ரிட்ஜ் (கருவியில் செருகும் கேம் பேழை) ஒன்று வாங்குங்கள். நின்டெண்டோ 64 பதிப்பில் நாலு பேர் சேர்ந்து விளையாடலாம், ட்ரீம்காஸ்டில் இரண்டே பேர். வீட்டில் மகளும் இருக்கிறாள் என்பதால் இதைச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் அல்லது கேம்கியூப் பரணில் கிடந்தால் 2005-இல் வந்த ‘மிட்வே ஆர்கேட் ட்ரெஷர்ஸ் 3’ தொகுப்பிலும் இந்தக் கேம் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் அசலா என்று சந்தேகம் வந்தால், 3.8 மில்லிமீட்டர் ‘கேம்பிட்’ என்ற தனிவகைத் திருப்புளியால் பின்பக்க இரண்டு திருகைக் கழற்றி, உள்ளே பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். உறை பிரிக்காத பெட்டியில் இதைச் செய்ய முடியாது என்பதும் ஒரு வேடிக்கை.

உங்கள் பழைய வேவ் ரேஸை விற்க வேண்டாம். விளையாடிய பிரதி, கட்டணமும் தபாலும் போக உங்கள் குடும்ப நிதியில் எதையும் மாற்றப்போவதில்லை. அட்டைப் பெட்டியின் மூலைகள் நசுங்காமல் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் காப்புறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். டெக்சாஸ் கராஜ் சூட்டில் வைக்காதீர்கள். கார்ட்ரிட்ஜை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மகள் கேட்பாள்.